கேவண்டிஷ்: ஓர் இயற்பியல் துறையும் அதன் மூன்று வீடுகளும்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஃப்ரீ ஸ்கூல் லேன் என்றொரு சந்து இருக்கிறது. எதிரெதிரே இரண்டு கார்கள் வந்தால் ஒன்று பின்வாங்கித்தான் ஆக வேண்டும், அவ்வளவு குறுகல். ஒரு பக்கம் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் மதில். எதிர்ப்பக்கம் கோயில் வாசல் போன்ற கனத்த மரக்கதவுகளும் மேலே லத்தீன் எழுத்துகளும் கொண்ட பழைய கற்கட்டிடம். எலெக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்ட இடம் இது என்று சுவரில் ஒரு பலகை சொல்கிறது. ஆற்றில் படகு விடவும் கல்லூரிகளைப் பார்க்கவும் வரும் கூட்டத்தில் பெரும்பாலோர் இந்தச் சந்துக்குள் திரும்புவதே இல்லை.

1874 முதல் சரியாக நூறாண்டுகள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறை இங்கேதான் இருந்தது. அதன் பெயர் கேவண்டிஷ் ஆய்வுக்கூடம். 1974-இல் ஊருக்கு மேற்கே வயல்வெளிக்குக் குடிபெயர்ந்தது. 2025-இல் அதே மேற்கு வளாகத்தில் மூன்றாவது வீட்டில் பால் காய்ச்சியிருக்கிறது. நோபல் பரிசு பெற்றவர்களில் சுமார் முப்பது பேர் இத்துறையோடு தொடர்புடையவர்கள் என்பதைப் பலரும் எழுதிவிட்டார்கள். இக்கட்டுரையின் கவனம் பரிசுகள் மீதல்ல, கட்டிடங்கள் மீது. எந்த அறை எதற்காகக் கட்டப்பட்டது, அங்கே உண்மையில் என்ன நடந்தது என்று வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படுகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

குயில் வாழ்க்கை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கேம்பிரிட்ஜில் இயற்பியல் என்பது கணிதத்தின் ஒரு கிளை. காகிதமும் பேனாவும் போதும். கையால் கருவியைத் தொட்டுச் செய்வது கனவான்களுக்கு உரிய கல்வி அல்ல என்று எண்ணியவர்கள் இருந்தார்கள். ஆனால் அதற்குள் தந்திக்கம்பிகள் கடலுக்கடியில் ஓடத் தொடங்கிவிட்டன. மின்சாரத்தை அளக்கத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். கிளாஸ்கோவில் வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) மாணவர்களைச் சோதனைகளில் ஈடுபடுத்திக்கொண்டிருந்தார். ஆக்ஸ்போர்டிலும் ஓர் ஆய்வுக்கூடம் எழுந்துவிட்டது.

கேம்பிரிட்ஜில் பணம்தான் தடையாக இருந்தது. 1870-இல் பல்கலைக்கழக வேந்தராக இருந்த ஏழாம் டெவன்ஷயர் கோமகன் வில்லியம் கேவண்டிஷ், கட்டிடத்துக்கும் கருவிகளுக்கும் ஆகும் செலவைத் தாமே ஏற்பதாக எழுதினார். மதிப்பீடு 6,300 பவுண்டு. முடிவில் அதற்கு மேலேயே கொடுத்தார். ஈர்ப்பு விசையை ஆய்வுக்கூடத்துக்குள் அளந்த பதினெட்டாம் நூற்றாண்டு விஞ்ஞானி ஹென்றி கேவண்டிஷ் இதே குடும்பத்தவர். ஆகவே பெயர் இருவருக்கும் பொருந்திற்று.

1871-இல் முதல் பேராசிரியராக ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் வந்தார். ஒளியும் மின்காந்தமும் ஒன்றே என்று சமன்பாடுகளால் காட்டியவர். வந்தபோது அவருக்கு உட்கார அறை இல்லை. ஒரு பருவம் வேதியியல் வகுப்பறையில், மறு பருவம் தாவரவியலில், அடுத்தது உடற்கூறியலில் என்று இடம் மாறிப் பாடம் நடத்தினார். குயிலைப் போல அடுத்தவர் கூட்டில் முட்டையிட்டுத் திரிவதாக நண்பருக்குக் கேலியாக எழுதியிருக்கிறார்.

கல்லில் கட்டிய கருவி

வில்லியம் ஃபாசெட் கட்டிடக் கலைஞர் என்றாலும் உள்ளே என்ன வேண்டும் என்பதை முடிவு செய்தவர் மேக்ஸ்வெல். கிளாஸ்கோவுக்கும் ஆக்ஸ்போர்டுக்கும் போய்ப் பார்த்துக் குறிப்பெடுத்து வந்தார். 1874 ஜூன் 16 அன்று திறக்கப்பட்ட அந்த மூன்றடுக்குக் கட்டிடத்தையே ஒரு பெரிய கருவி என்று சொல்லலாம்.

காந்த ஊசி துல்லியமாக அசைய வேண்டுமானால் தரை அதிரக்கூடாது. எனவே தரைத்தளத்தில் காந்தவியல் அறையில், தரையோடு ஒட்டாமல் தனி அஸ்திவாரத்தில் கல்மேடைகள் எழுப்பப்பட்டன. பக்கத்தில் ஒருவர் நடந்தாலும் மேடைமேல் இருக்கும் கருவிக்குத் தெரியாது. சன்னல்களுக்கு வெளியே அகலமான கல் விளிம்புகள் வைத்தார்கள். அதன்மேல் கண்ணாடியை நிறுத்திச் சூரிய ஒளியை நேராக அறைக்குள் திருப்பிவிடலாம். கோபுரத்தின் உச்சியில் தண்ணீர்த் தொட்டி. அங்கிருந்து நீர் விழும் வேகத்தால் கண்ணாடிக் குழாய்களிலிருந்து காற்றை இழுத்து வெற்றிடம் உண்டாக்கலாம். மின்சார பம்பு இல்லாத காலம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

வாசல் கதவின் மேல் இருக்கும் லத்தீன் வாசகம் பைபிளின் 111-ஆம் சங்கீதத்திலிருந்து எடுத்தது. இறைவனின் செயல்களை விரும்பித் தேடுகிறவர்களைப் பற்றியது. ஒரு சோதனைச்சாலை வாசலுக்குப் பொருத்தமான வரிதான்.

மேக்ஸ்வெல் அந்தக் கட்டிடத்தில் ஐந்தாண்டுகளே வாழ்ந்தார். 1879-இல் தம் 48-ஆம் வயதில் இறந்தார். அடுத்து வந்த ரேலி பிரபு (1879–1884), மேக்ஸ்வெல் விரும்பியபடியே மின்தடையின் அலகான ஓம் என்பதைத் துல்லியமாக அளந்து முடித்தார். ஆக, கட்டிடம் எதற்காகக் கட்டப்பட்டதோ அந்த வேலை முதல் பத்தாண்டுகளில் நடந்தேறிவிட்டது. ரேலியின் காலத்தில் வேறு இரண்டு காரியங்களும் நடந்தன. ஒன்று, பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமாக ஆய்வுக்கூட வகுப்புகள் திறந்துவிடப்பட்டன. பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்க கேம்பிரிட்ஜ் 1948 வரை எடுத்துக்கொண்டது என்பதோடு இதை ஒப்பிட வேண்டும். இரண்டு, அவருடைய உதவியாளர்கள் கிளேஸ்புரூக், ஷா இருவரும் செய்முறை வகுப்புகளை ஒழுங்குபடுத்தி அதற்கென்று பாடநூலும் எழுதினார்கள். வெர்னியர் அளவி, ஊசல், ஒத்ததிர்வுக் குழாய் என்று நாம் ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிய சோதனைகளின் வம்சாவளியைத் தேடிப்போனால் இந்த அறைகளில் வந்து நிற்கும்.

இதை எழுதும்போது நான் படித்த பொறியியல் கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடம் நினைவுக்கு வருகிறது. நல்ல கருவிகள் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியிருக்கும். பல்கலைக்கழகத்திலிருந்து பார்வைக்குழு வரும் நாளில் துடைத்து வெளியே வைப்பார்கள். சாயங்காலம் மறுபடி உள்ளே போய்விடும். கட்டிடம் இருந்தது, கருவி இருந்தது, துறை இருந்ததா என்பதுதான் சந்தேகம். கேவண்டிஷின் கதை என்னை இழுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வெளியூரார் வருகை

1884-இல் மூன்றாவது பேராசிரியராகத் தேர்வான ஜே.ஜே. தாம்சனுக்கு வயது 28. கைவேலையில் அவர் அத்தனை சமர்த்தர் அல்லர் என்பது ஊரறிந்த செய்தி. கண்ணாடிக் குழாய்களை ஊதிச் செய்து தந்தவர் எபினேசர் எவரெட் என்ற உதவியாளர். அந்தக் குழாய்களில்தான் 1897-இல் எலெக்ட்ரான் பிடிபட்டது. காந்த அளவீட்டுக்காகக் கட்டிய கட்டிடத்தில், அணுவை விடச் சிறிய பொருள் ஒன்று முதன்முதலாக அகப்பட்டது. இதை மேக்ஸ்வெல் எதிர்பார்த்திருக்க வழியில்லை.

இக்காலத்தில் நடந்த முக்கிய மாறுதல் கட்டிடத்தில் அல்ல, விதியில். 1895 முதல் பிற பல்கலைக்கழகங்களில் படித்தவர்களும் ஆராய்ச்சி மாணவர்களாக வரலாம் என்று கேம்பிரிட்ஜ் அனுமதித்தது. அவ்வாண்டே நியூஸிலாந்திலிருந்து எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டும் டப்ளினிலிருந்து டவுன்செண்டும் வந்து சேர்ந்தார்கள். ஆள் பெருகியதும் இடம் போதவில்லை. 1896-இல் ஒரு விரிவாக்கம். மாணவர் கட்டணத்தில் தாம்சன் சேர்த்து வைத்த சேமிப்பு அதற்கு உதவியது. 1908-இல் இன்னொரு பகுதி. தமக்கு 1904-இல் கிடைத்த நோபல் பரிசுத் தொகையிலிருந்து ரேலி 5,000 பவுண்டு கொடுத்தார். அதனால் அது ரேலி பகுதி எனப்படுகிறது.

தாம்சன் தொடங்கி வைத்த ஆய்வரங்கக் கூட்டங்களுக்கு முன்பு தேநீர் உண்டு. அவர் மனைவி ரோஸ் பரிமாறுவார். அவரும் முன்பு இதே ஆய்வுக்கூடத்தின் மாணவிதான். நேற்று வந்த மாணவனும் பேராசிரியரும் கோப்பையோடு ஒரே இடத்தில் நின்று பேசும் பழக்கம் இவ்வாறு வேரூன்றிற்று.

மெதுவாகப் பேசவும்

1919-இல் ரூதர்ஃபோர்டு பேராசிரியராகத் திரும்பி வந்தார். அணுக்கருவின் காலம் தொடங்கியது. பணம் எப்போதும் பற்றாக்குறைதான். மாலை ஆறு மணிக்கு ஆய்வுக்கூடம் பூட்டப்படும். வீட்டுக்குப் போய் யோசியுங்கள் என்பது அவர் கொள்கை. சத்தம் கேட்டால் துகள் எண்ணும் கருவிகள் தடுமாறும் என்பதால், மெதுவாகப் பேசவும் என்ற விளக்குப் பலகை ஒன்று தொங்கியது. அந்தப் பலகைக்குக் கீழே நின்று ரூதர்ஃபோர்டு பேசிக்கொண்டிருக்கும் புகைப்படம் புகழ்பெற்றது. அவர் குரல் இடிக்குரல். பலகை யாருக்காக என்பதில் யாருக்கும் ஐயம் இருந்திருக்காது.

1932-ஐ இத்துறையின் அற்புத ஆண்டு என்பார்கள். சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்தார். ஏப்ரல் 14 அன்று காக்ராஃப்டும் வால்டனும் புரோட்டான்களை முடுக்கி லித்தியம் அணுக்கருவைப் பிளந்தார்கள். அந்த முடுக்கி நின்ற இடம் ஒரு பழைய விரிவுரை அறை. உயரமான கூரை இருந்ததால் அது வசதிப்பட்டது. வெற்றிடக் குழாயின் இணைப்புகளைக் குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிசின் களிமண்ணால் அடைத்தார்கள். ஈயம் பூட்டிய சிறு பெட்டிக்குள் தவழ்ந்து போய் உட்கார்ந்து, இருட்டில் திரையில் மின்னும் புள்ளிகளைக் கண்ணால் பார்த்தார் வால்டன். அணுக்கரு யுகத்தின் மிகப் பெரிய சோதனைகளில் ஒன்றுக்கு வீடாக அமைந்தது, வேறொன்றுக்குக் கட்டி வேண்டாமென்று விடப்பட்ட அறை.

இதற்கு நேர்மாறான கதை பக்கத்து முற்றத்தில் இருக்கிறது. ரஷ்யரான பியோத்தர் கபிட்சாவுக்காக, வலிமையான காந்தப்புலங்களையும் கடுங்குளிரையும் ஆராய, ராயல் சொசைட்டியின் 15,000 பவுண்டு மான்யத்தில் மாண்ட் ஆய்வுக்கூடம் எழுந்தது. 1933 பிப்ரவரியில் திறந்தார்கள். வெளிச்சுவரில் சிற்பி எரிக் கில் செதுக்கிய முதலை இன்றும் இருக்கிறது. முதலை என்பது ரூதர்ஃபோர்டுக்குக் கபிட்சா வைத்த பட்டப்பெயர். ஒரு மனிதருக்காகவே அளவெடுத்துத் தைத்த கட்டிடம். ஆனால் 1934-இல் விடுமுறைக்குத் தாய்நாடு போன கபிட்சாவை ஸ்டாலின் அரசு திரும்ப விடவில்லை. கடைசியில் ரூதர்ஃபோர்டு அவருடைய கருவிகளையே சோவியத் அரசுக்கு 30,000 பவுண்டுக்கு விற்று மாஸ்கோவுக்கு அனுப்பி வைத்தார். மனிதர் இங்கே வர முடியாவிட்டால் ஆய்வாவது அங்கே தொடரட்டும் என்று. கபிட்சா அங்கே திரவ ஹீலியத்தின் மீப்பாய்மத்தைக் கண்டறிந்தார். 1978-இல் நோபல் பெற்றார். அவர் விட்டுச் சென்ற கட்டிடத்தில், முப்பதாண்டுகள் கழித்து, 1962-இல் பிரையன் ஜோசஃப்சன் என்ற 22 வயது ஆராய்ச்சி மாணவர் மீக்கடத்திகளில் ஒரு புதிய விளைவைக் கணித்தார். அதற்கும் நோபல் கிடைத்தது.

கார் முதலாளியின் பணமும் மரபணுவும்

1936-இல் மோட்டார் உற்பத்தியாளர் ஹெர்பர்ட் ஆஸ்டின் 2,50,000 பவுண்டு நன்கொடை தந்தார். அணுக்கரு ஆராய்ச்சியின் வெற்றிதான் அவரை ஈர்த்தது. 1937-இல் ரூதர்ஃபோர்டு திடீரென்று இறந்தார். ஆஸ்டின் பகுதி 1940-இல் கட்டி முடிந்தபோது உலகப்போர். கட்டிடம் போர்ப் பணிகளுக்குப் போயிற்று. போர் முடிந்தபின் அங்கே நிறைந்தவர்கள் அணுக்கரு ஆட்கள் மட்டும் அல்லர். புதிய பேராசிரியர் லாரன்ஸ் பிராக் எக்ஸ் கதிர்ப் படிகவியலாளர். அணுக்கருவில் இனி அமெரிக்காவோடு போட்டியிட முடியாது என்பதை உணர்ந்து, புரதங்களின் அமைப்பை ஆராய்ந்துகொண்டிருந்த மாக்ஸ் பெரூட்ஸ், ஜான் கெண்ட்ரூ இருவருக்கும், வானொலி அலைகளை ஆராய்ந்த மார்ட்டின் ரைல் குழுவுக்கும் இடம் கொடுத்தார். இயற்பியல் துறையில் புரதத்துக்கு என்ன வேலை என்று முணுமுணுத்தவர்கள் உண்டு.

ஆஸ்டின் பகுதியின் 103-ஆம் எண் அறையில் ஃபிரான்சிஸ் கிரிக்கும் ஜேம்ஸ் வாட்சனும் உட்கார வைக்கப்பட்டார்கள். 1953-இல் அவர்கள் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளை அமைத்த கதை எல்லோருக்கும் தெரியும். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ரோசலிண்ட் ஃபிராங்க்ளினும் அவர் மாணவர் காஸ்லிங்கும் எடுத்த எக்ஸ் கதிர்ப் படமும் ஃபிராங்க்ளினின் அளவீடுகளும் இல்லாமல் அது நடந்திருக்காது. அவருக்குத் தெரியாமலே அவை இங்கே வந்து சேர்ந்தன என்பது இத்துறையின் வரலாற்றில் ஒரு கறை.

அதிகம் பேசப்படாத இன்னொருவரும் உண்டு. ஜெர்ரி டோனஹ்யூ என்ற அமெரிக்கப் படிகவியலாளர் அப்போது விருந்தினராக வந்திருந்தார். அவருக்கும் 103-ஆம் அறையிலேயே மேசை போட்டிருந்தார்கள். டி.என்.ஏ.வின் காரங்களுக்கு வாட்சன் பயன்படுத்திய வடிவம் தவறு, பாடப்புத்தகங்களில் உள்ளதே தவறு என்று அவர் சொன்னார். அந்தத் திருத்தத்துக்குப் பிறகுதான் காரங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தின. டோனஹ்யூ வேறு மாடியில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

என் தொழிலோடு தொடர்புள்ள ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். அதே வளாகத்தில் சில அடி தூரத்தில், பழைய உடற்கூறியல் கட்டிடத்தில், பல்கலைக்கழகத்தின் கணித ஆய்வுக்கூடம் இருந்தது. மாரிஸ் வில்க்ஸ் அங்கே 1949 மே மாதம் எட்சாக் என்ற கணினியை இயக்கிக் காட்டினார். ஆணைகளை நினைவகத்தில் சேமித்து வைத்து, அன்றாட வேலைக்குப் பயன்பட்ட முதல் கணினிகளில் அது ஒன்று. மயோகுளோபின் புரதத்தின் எக்ஸ் கதிர்ப் படங்களைக் கணக்கிடக் கெண்ட்ரூ அதைத்தான் பயன்படுத்தினார். சிதறி நிற்கும் பல வானொலி ஏரியல்களின் பதிவுகளைச் சேர்த்து ஒரே பெரிய தொலைநோக்கியின் படமாக்க ரைல் குழுவுக்கும் கேம்பிரிட்ஜின் கணினிகளே கை கொடுத்தன. 1962-இல் கெண்ட்ரூவும் பெரூட்ஸும், 1974-இல் ரைலும் நோபல் பெற்றார்கள். புரதக்காரர்களும் நட்சத்திரக்காரர்களும் ஒரே முற்றத்தைக் கடந்து ஒரே கணினிக்குப் போனார்கள்.

நம்மவர் மூவர்

இந்த இடத்தில் தமிழர் மூவரைச் சொல்லாமல் நகர முடியாது.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930-இல் கேம்பிரிட்ஜ் வந்தார். அவருடைய வழிகாட்டி ரால்ஃப் ஃபவுலர், ரூதர்ஃபோர்டின் மருமகன். ஆனால் சந்திரா கோட்பாட்டாளர். ஆய்வுக்கூட மேசையும் தேநீரும் சோதனைக்காரர்களுக்கு. கோட்பாட்டாளர்கள் அவரவர் கல்லூரி அறைகளில் தனித்தனியே இருந்தார்கள். அந்நாட்களின் தனிமையைப் பற்றி அவரே பின்னாளில் பேசியிருக்கிறார். 1932-இல் கோபன்ஹேகனில் நீல்ஸ் போரின் நிறுவனத்துக்குப் போனபோதுதான், எல்லோரும் சேர்ந்து பேசும் ஒரு வீடு எப்படியிருக்கும் என்று கண்டார்.

வத்திராயிருப்பில் பிறந்து ராமனோடு பணியாற்றிய கே.எஸ். கிருஷ்ணன், 1930களில் ரூதர்ஃபோர்டின் அழைப்பின் பேரில் கேவண்டிஷுக்கு வந்து படிகங்களின் காந்தப் பண்புகள் பற்றி உரையாற்றினார்.

மூன்றாமவர் ஜி.என். ராமச்சந்திரன். எர்ணாகுளத்தில் பிறந்த தமிழர். 1947 முதல் 1949 வரை பிராக்கின் கேவண்டிஷில் வூஸ்டரிடம் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார். 1952-இல், முப்பது வயதில், லட்சுமணசாமி முதலியார் துணைவேந்தராக இருந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் புதிய இயற்பியல் துறைக்குத் தலைவரானார். கிண்டி வளாகத்தில் புதிதாகத் தொடங்கிய துறை. எதை ஆராய்வது? சென்னைக்கு வந்த ஜே.டி. பெர்னால், தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் தெரியவில்லை என்றார். கொலாஜனுக்கு எங்கே போவது? பக்கத்து வளாகம் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம்! அங்கிருந்து மாதிரிகள் கிடைத்தன. கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954–55-இல் அவர் முன்வைத்த மூன்று இழைச் சுருள் அமைப்பைக் கேம்பிரிட்ஜிலிருந்து கிரிக்கும் ரிச்சும் திருத்தி விமர்சித்தார்கள். அணுக்கள் அவ்வளவு நெருக்கமாக இருக்க முடியாது என்றார்கள். எவ்வளவு நெருக்கம்தான் சாத்தியம் என்று தேடப் போய், 1963-இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரோடு அவர் வெளியிட்ட வரைபடம் இன்று உலகெங்கும் உயிர்வேதியியல் பாடநூல்களில் ராமச்சந்திரன் வரைபடம் என்று இருக்கிறது. ஃப்ரீ ஸ்கூல் லேனில் 103-ஆம் அறையின் கூட்டாளி எப்படியோ, கிண்டியில் மதிலுக்கு அப்பால் இருந்த தோல் நிலையம் அப்படி.

வயலுக்குக் குடிபெயர்தல்

1950களில் பழைய வளாகம் பிதுங்கியது. புரதக்காரர்கள் முற்றத்தில் ஒரு தற்காலிகக் கொட்டகையில் வேலை செய்தார்கள். 1962-இல் அவர்கள் ஊரின் தெற்கே தனி நிலையம் கண்டு பிரிந்து போனார்கள். அடுத்த பேராசிரியர் நெவில் மாட்டின் காலத்தில், அங்கேயே உயர்ந்த கோபுரங்கள் கட்டும் யோசனை எழுந்து கைவிடப்பட்டது. முடிவாக, நகர மையத்திலிருந்து அரைமணி நடைத்தூரத்தில், மேடிங்லி சாலைக்கு அருகே திறந்த வெளியில் புதிய கட்டிடங்கள் எழுந்தன. 1974-க்குள் குடிபெயர்வு முடிந்தது. பிராக், மாட், ரூதர்ஃபோர்டு என்று மூன்று கட்டிடங்கள். திட்டமிட்டதில் பெரும்பங்கு பிரையன் பிப்பர்டுடையது.

பழைய கட்டிடத்தைக் கல்லில் கட்டிய கருவி என்றால், இதைப் பெரிய அட்டைப்பெட்டி எனலாம். நீண்ட தாழ்வாரங்கள், தேவைக்கேற்பத் தடுத்து மாற்றக்கூடிய அறைகள். அழகு என்று யாரும் சொன்னதில்லை. வாசலில் அதே சங்கீத வரியை இம்முறை ஆங்கிலத்தில் வைத்தார்கள். வைக்கச் சொன்னவர் ஓர் ஆராய்ச்சி மாணவர்.

உயிரியலும் வேதியியலும் கணிதமும் முற்றத்தைக் கடந்தால் கிடைக்கும் நிலை போயிற்று. நகரத்துக்குப் போக சைக்கிளை எடுக்க வேண்டும். அதற்காக இக்கட்டிடங்களைக் குறை மட்டும் சொல்வது நியாயமல்ல. 1990-இல் ரிச்சர்ட் ஃபிரெண்ட் குழுவினர் பிளாஸ்டிக்கில் மின்சாரம் செலுத்தி ஒளிரவைத்தது இத்துறையில்தான். பெட்டி அறைகள் குறைக்கடத்திகளுக்கும் பாலிமர்களுக்கும் மாற்றி மாற்றி இடம் கொடுத்தன. அக்கம்பக்கமும் மெல்ல வந்து சேர்ந்தது. 2001-இல் கணினித் துறை மேற்கு வளாகத்துக்கு வந்தது. தொழில் நிறுவனங்களும் விஞ்ஞானிகளும் சேர்ந்து பணியாற்ற மேக்ஸ்வெல் மையம் 2016-இல் திறந்தது. ஆனால் எழுபதுகளின் கட்டிடங்கள் நாற்பதாண்டுகளில் தளர்ந்துவிட்டன. கல்மேடைக் கட்டிடம் அதற்குள் நூற்று நாற்பது ஆண்டுகளைத் தாண்டியிருந்தது.

மூன்றாவது வீடு

இசைப்பதிவில் இரைச்சலைக் குறைக்கும் முறையால் புகழ்பெற்ற ரே டோல்பி, 1961-இல் இங்கே முனைவர் பட்டம் பெற்றவர். 2013-இல் மறைந்தார். அவருடைய சொத்திலிருந்து 2017-இல் 8.5 கோடி பவுண்டு இத்துறைக்கு வந்தது. பிரிட்டிஷ் அரசு 7.5 கோடி தந்தது. இவற்றோடு எழுந்த ரே டோல்பி மையம் 2025-இல் முறைப்படி திறக்கப்பட்டது. நிற்கும் தெருவின் பெயர் ஜே.ஜே. தாம்சன் அவென்யூ.

நுண்சோதனைகளுக்கான அறைகள் நிலத்தடியில், அதிர்வு அண்டாதபடி கனத்த கான்கிரீட் பலகங்களின் மேல் அமைந்துள்ளன. மேக்ஸ்வெல்லின் கல்மேடை நூற்றைம்பது ஆண்டு கழித்துத் திரும்ப வந்திருக்கிறது. மேலே விரிவுரை அரங்குகளும், பொதுமக்கள் வந்துபோகும் பகுதியும், சேர்ந்து உட்கார இடங்களும் இருக்கின்றன. பக்கத்து மேசையின் மதிப்பை இம்முறை வரைபடத்திலேயே போட்டிருக்கிறார்கள்.

இனி, முதலில் சொல்ல வந்தது. ஓமை அளக்கக் கட்டிய இடத்தில் எலெக்ட்ரான். பாடம் நடத்தக் கட்டிய அறையில் அணுக்கருப் பிளவு. கபிட்சாவுக்குக் கட்டியதில் ஜோசஃப்சன். அணுக்கரு வெற்றியால் வந்த பணத்தில் கட்டியதில் மரபணு. நூற்றைம்பது ஆண்டுகளில், கட்டிடம் எதற்காக என்று எழுதி வைத்தார்களோ அதையும் செய்தது, ஆனால் பெரியவை வேறாக இருந்தன. கட்டியவர்கள் ஏமாந்தார்கள் என்று நான் இதைப் படிக்கவில்லை. நோக்கம் மாறியபோது அறையைப் பூட்டி வைக்காமல் அடுத்தவருக்குத் திறந்து கொடுத்தார்கள். கருவி அலமாரிக்குள் இருக்கவில்லை. வெளியூர் மாணவனுக்கு, விருந்தினருக்கு, துறைக்குப் பொருந்தாத புரதக்காரருக்கு ஒரு மேசை கிடைத்தது. கிண்டியில் ராமச்சந்திரன் பெரிய மாளிகை இல்லாமல் சாதித்ததும் இந்த வழியில்தான். நம் ஊர்களில் புதிய பல்கலைக்கழகக் கட்டிடங்களுக்கு அடிக்கல் நாட்டும் செய்தி வரும்போதெல்லாம், எத்தனை சதுர அடி என்பதோடு, சாவி யாரிடம் இருக்கும் என்றும் கேட்கத் தோன்றுகிறது.

கேம்பிரிட்ஜ் போகும் அன்பர்கள் பழைய கட்டிடத்தின் வாசலையும் பலகையையும் ஃப்ரீ ஸ்கூல் லேனில் பார்க்கலாம். இயற்பியல் துறை போனபின் அறிவியல் வரலாற்றுத் துறையும் சமூக அறிவியல் துறைகளும் இவ்வளாகத்துக்குக் குடிவந்தன. முதலைச் சிற்பம் உட்புறத்தில், மாண்ட் கட்டிடச் சுவரில் இருக்கிறது. கிரிக்கும் வாட்சனும் மதிய உணவு உண்ட ஈகிள் விடுதி சந்தின் முனையை ஒட்டி, பெனட் தெருவில். அங்கிருந்து ஆற்றைக் கடந்து மேற்கே அரைமணி நடந்தால் மூன்றாவது வீடு வரும். மழைக்கோட்டு எடுத்துக்கொள்வது நல்லது.